பரிந்துரைக் கடிதம் (ஆஸ்டியோபதி மருத்துவக் கல்விச் சேர்க்கை)

எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் இயக்கத்தை உடல் முழுவதன் நலத்தோடு இணைத்துப் பார்க்கும் ஆஸ்டியோபதி மருத்துவத்தைப் பயில விரும்பும் மாணவரின் அறிவுக்கும் பண்புக்கும், அவரை நேரில் அறிந்தவர் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதித்தரும் சான்றே பரிந்துரைக் கடிதம் ஆகும். 1892இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியை நிறுவிய இத்துறையில், அறிவியல் பேராசிரியரின் கடிதத்தோடு ஆஸ்டியோபதி மருத்துவர் ஒருவரின் கடிதத்தையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. அம்மருத்துவர் நோயாளியின் முதுகையும் மூட்டுகளையும் கையால் தொட்டு ஆராய்வதை மாணவர் அருகிருந்து கண்டவர் என்பதை அக்கடிதம் உறுதிப்படுத்துகிறது. இதற்கு மாறாக, மியான்மரின் யாங்கூன் நகர மருத்துவப் பல்கலைக்கழகங்களில் பள்ளியிறுதித் தேர்வு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாக இருந்துவருவதால், அங்குப் பள்ளி முடித்து அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும் இம்முறை புதிது. எனவே அவர் தம் ஆய்வுக்கூடப் பணியைக் கண்ட ஆசிரியரை முன்கூட்டியே அணுகுவது இன்றியமையாதது.