முதலூர் யாருடைய ஊர்?

ராபர்ட் கால்டுவெல் 1849இல் எழுதிய 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் ஆங்கிலச் சிறுநூல், தேரிக்காட்டு ஊர்கள் கிறித்தவத்துக்கு வந்ததை அம்மக்களின் இயல்பைக் கொண்டு விளக்குகிறது. அவர்கள் அடங்கிப் போகிறவர்கள், கூட்டமாக இயங்குகிறவர்கள், ஆகவே கடல்கடந்து வந்த மிஷனரியின் சொல்லுக்கு எளிதில் இணங்கினார்கள் என்பது அவர் வாதம். நூலிலிருந்த இழிவுரை, சாணார் என்று அப்போது அழைக்கப்பட்ட நாடார் சமூகத்தில் எழுப்பிய சினம் நன்கறிந்தது. 1857இல் நாடார் கிறித்தவரான சட்டாம்பிள்ளை பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டதற்குப் பின்னும் அந்த மனத்தாங்கல் இருந்தது. ஆனால் இழிவுரையை மறுத்தவர்களிலும் பலர், ஐரோப்பியர் முன்னே நடக்க ஊர் பின்னே போனது என்ற வரலாற்று வரிசையை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லாதது அந்த வரிசைதான்.

அதை மறுக்கும் சான்றுகளையும் கால்டுவெல்லே தருகிறார். திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாற்றை 1881இல் தொகுத்தபோது, 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டை அவர் எடுத்தாண்டார். அதிலுள்ளவர்கள் 40 பேர். அவர்கள் 13 சாதியினர். முதற்பெயர் குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை; ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர் என்பதால் முன்பு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர். 1778இல்தான் மிஷனரி சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சுவார்ட்ஸ் 1785இல் அர்ப்பணித்த கோயில் அந்த அம்மையாரின் முயற்சியில் எழுந்தது. ஊரார் இன்றும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள், சுவார்ட்ஸ் கோயில் என்றல்ல.

இந்த ஏட்டின் மேல் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றக்கூடாது. பாளையங்கோட்டை கிழக்கிந்தியக் கும்பினிப் படை தங்கிய ஊர். பல சாதியார் ஓரிடத்தில் கூடுவது அங்கே வியப்பில்லை. பனையேறிகளின் சிற்றூர்களைப் பற்றி ஏடு நேராக எதுவும் சொல்லாது. ஐரோப்பிய மிஷனரி ஊரில் தங்காத காலத்திலேயே ஒரு சபை தன் பெயர்ப்பட்டியலோடு நின்றது என்பதை மட்டும் அது காட்டுகிறது. எனக்கு வேண்டியதும் அவ்வளவே.

சிற்றூர்களின் கதை தாவீது சுந்தரானந்தத்தோடு தொடங்குகிறது. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், தஞ்சையில் கிறித்தவராகி, உபதேசியாராகத் திரும்பியவர். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதனும் அவரும் உழைத்ததில் 1797இல் சண்முகபுரத்தில் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. எதிர்ப்பு வந்தது, ஜெபவீடு எரிந்தது. விலைக்கு வாங்கிய நிலத்தில் 1799இல் அவர்கள் குடியேறிய ஊரே முதலூர். பாளையங்கோட்டையிலிருந்த ஒரு படை அதிகாரி பணம் கொடுத்தார் என்கிறார்கள். இருக்கட்டும். பணம் கொடுத்தவரும் ஊர் வைக்க நினைத்தவரும் ஒருவரே என்று யார் சொன்னது? கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட ஆண்டும் அதுதான். பாளையங்களின் பிடி தளர்ந்துகொண்டிருந்த வேளையில், தங்களை விரட்ட முடியாத சொந்த மனை வேண்டும் என்பதை உணர, பிறர் நிலத்தில் குடியிருந்து அடிபட்டவருக்கு வெளியார் யோசனை தேவையில்லை. தாவீது தடிக்கம்புக்காரர்களைத் திரட்டிச் சபையைக் காத்ததை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃப்ரைக்கன்பர்க் எழுதியிருக்கிறார். அடங்கிப் போகிறவர்கள் செய்யும் காரியமா அது?

அடுத்து 1802, 1803ஆம் ஆண்டுகளின் பெருந்திரளான ஞானஸ்நானங்கள். சென்னையிலிருந்து வந்த மிஷனரி கெரிக்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கொடுத்தார். சத்தியநாதன் கொடுத்தது அதைவிட அதிகம். கெரிக்கே 1803இல் இறந்தார். பிறகு 1816இல் கும்பினியின் குரு ஜேம்ஸ் ஹஃப் பாளையங்கோட்டைக்கு வரும்வரை, திருநெல்வேலியிலேயே தங்கி ஊர்களை நடத்திய ஐரோப்பிய மிஷனரி என்று எவரையும் சுட்டுவது கடினம். திருவிதாங்கூர் மயிலாடியிலிருந்த ரிங்கல்தௌபே இடையிடையே வந்து பார்த்துக்கொண்டார் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அது மேற்பார்வை. ஊர் நடத்துவது வேறு. காய்ச்சலும் வறட்சியும் தாக்கிய அந்த ஆண்டுகளில் பலர் விலகினர். இருந்தும் ஹஃப் வந்தபோது ஏறத்தாழ 3,000 பேர் எஞ்சியிருந்தனர். கால்டுவெல்லின் விளக்கம் இடறுவது இங்கேதான். வழிநடத்தியவர் இல்லாதபோது இணங்கிப் போகும் இயல்பு யாருக்கு இணங்கியிருக்கும்?

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் 1830இல் தரும சங்கம் தொடங்கினார். கிறித்தவர் குடியேற நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பது அதன் நோக்கம். பெரும்பாலும் இது ரேனியஸின் புதுமையாகவே பேசப்படுகிறது. முறைப்படுத்தியதும் சங்கமாக்கியதும் அவரே. ஆனால் முறை முதலூருடையது. சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) 1835இல் அவரை விலக்கிய பின்னும், 1838இல் அவர் இறந்த பின்னும் அது நிற்கவில்லை. 1841இல் இடையன்குடிக்கு வந்து, தெருக்களைத் திருத்தி ஊரை ஒழுங்குபடுத்திய கால்டுவெல்லும் இந்த வரிசையில் வருபவரே.

தாவீதின் முடிவு மட்டும் தெளிவாகவில்லை. 1806 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்பது ஊர் வழக்கு. முந்தையதை ஏறத்தாழ என்ற குறிப்போடு ஏற்கலாம். பிந்தையதை, மறுக்கவும் இயலாததால், வழக்கு என்றே குறித்து வைக்கிறேன்.