வாரம் ஒரு மாத்திரை: 'சாயா'வின் கதை

1/
ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போற அக்காக்கள் ஓ.பி.யில அடிக்கடி கேக்குற கேள்வி: "மேடம், கருத்தடை மாத்திரை போட்டா உடம்பு கெட்டுடுமாமே? பேசாம ஆபரேஷனே பண்ணிக்கவா?"

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

2/
1960-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச முதல் கருத்தடை மாத்திரை எனோவிட். அதுல ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். குமட்டல், தலைவலி, சிலருக்கு ரத்தக்கட்டி. 1956-ல் இதைப் பெரிய அளவில் சோதிச்சது போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள் மேல. இது சோதனைன்னுகூட அவங்களுக்குச் சரியா சொல்லலை.

இன்னைக்கு நாங்க இலவசமா தர்ற மாலா-என் மாத்திரையில ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம்தான்.

3/
நம்ம ஊர்ல ஏன் எல்லாரும் ஆபரேஷனையே நினைக்கிறாங்க? எமர்ஜென்சியில (1975-77) ஆண்களுக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. மக்கள் கொதிச்சாங்க. அதுக்கப்புறம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில இறங்கிடுச்சு.

4/
இதுக்கு நடுவுல லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழு சென்ட்குரோமனை உருவாக்கினாங்க. 1991-ல் 'சஹேலி'ன்னு விற்பனைக்கு வந்தது. தோழின்னு அர்த்தம். இது ஹார்மோன் மாத்திரையே இல்லை. கர்ப்பப்பையில ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாம தடுக்கும், அவ்வளவுதான். அதே மருந்துதான் இப்போ அரசு மருத்துவமனையில 'சாயா'ன்னு இலவசமா கிடைக்குது.

5/
மாதவிடாயின் முதல் நாள் முதல் மாத்திரை. முதல் 3 மாசம் வாரம் 2. நாலாவது மாசத்திலிருந்து வாரம் 1, முதல் மாத்திரை போட்ட அதே கிழமையில. பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம்.

சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். 15 நாளுக்கு மேல தள்ளினா கர்ப்பமான்னு டெஸ்ட் பண்ணிக்கணும். நீர்க்கட்டி, கல்லீரல் நோய், டி.பி., கிட்னி பிரச்சினை இருந்தா இது வேண்டாம்.

6/
இன்னொரு விஷயம். மாதவிடாய் நிக்கப்போற வயசுல வர்ற அதிக உதிரப்போக்குக்கும் இந்த மருந்து, வேற அளவில், பயன்படுது. "கர்ப்பப்பையை எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா, ஸ்கேன் பாத்துட்டு, "முதல்ல மாத்திரையில சரிபண்ணிப் பாக்கலாமா?"ன்னு கேளுங்க. புற்றுநோய் இல்லைன்னு உறுதி பண்றதும் முக்கியம்.

7/
ஆபரேஷன் தப்பில்லை. ஆனா 23 வயசுல, வேற வழியே இல்லைன்னு நினைச்சு அதைப் பண்ணிக்காதீங்க. அடுத்த தடவை ஓ.பி.க்கு வரும்போது "சாயா இருக்கா மேடம்?"னு கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சமே வேண்டாம்.