காஞ்சிபுரத்தில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு: நாட்டு விகிதத்தோடு ஓர் ஒப்பீடு

ஒரு மாவட்டத்தில் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலா குறைவா என்று சொல்ல, இறந்தவர் எந்த ஊர்க்காரர், என்ன வயது, சாவுக்கு என்ன காரணம் எழுதப்பட்டது என்ற மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தில் முதல் கேள்வியே சிக்கலானது. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று ஊரை ஒட்டியே இருப்பதுதான் காரணம்.

நாட்டுக் கணக்கு

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் குளோபோகான் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் 81,748 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 75,031 பேர் அதனால் இறந்தனர். உலக அளவில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 24.8 லட்சம், இறப்பு 18.2 லட்சம். இந்தியாவின் இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது வேதனை தருவது. நோய் முற்றிய பிறகே பெரும்பாலோர் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

75,031 என்பது ஒவ்வொரு சாவையும் எண்ணிப் பெற்றதல்ல. மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து கணித்த மதிப்பீடு அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் முதல் பதிவேடுகளில் ஒன்று சென்னையுடையது; அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் அதை நடத்திவருகிறது. இன்றும் நாட்டின் பதிவேடுகள் எல்லாம் சேர்ந்து மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரையே உள்ளடக்குகின்றன. எனவே தமிழ்நாட்டு ஊரொன்றை இந்திய எண்ணோடு ஒப்பிடும்போது, அந்த இந்திய எண்ணுக்குள் சென்னையின் எண்ணும் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நாட்டுச் சராசரியும் ஒரே சீரானதல்ல. 2012–16 காலத்தில் மிசோரமின் ஐசால் மாவட்டத்தில் வயது சீரமைத்த புதிய நுரையீரல் புற்றுநோயாளிகளின் விகிதம் லட்சம் ஆண்களுக்கு 38.8, லட்சம் பெண்களுக்கு 37.9. இந்தியாவிலேயே இது மிக உயர்ந்தது.

காஞ்சிபுரத்தில் எதிர்பார்க்கத்தக்க எண்

2022இன் இறப்புகளை நாட்டு மக்கள்தொகையால் வகுத்தால் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 5.3 வரும். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 11.66 லட்சம். நாட்டு விகிதமே இங்கும் நிலவினால் ஆண்டுக்கு 62 இறப்புகளை எதிர்பார்க்கலாம். இது கணக்குக்கு மட்டுமே, பதிவான எண்ணிக்கை அல்ல.

இவ்வளவு சிறிய எண்ணில் தற்செயலுக்கு நிறைய இடமுண்டு. நிலைமையில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு வருடம் 46, இன்னொரு வருடம் 78 என்று வரலாம். நகரை மட்டும் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். 2011இல் நகராட்சியின் மக்கள்தொகை 1.64 லட்சம், அதற்கு ஆண்டுக்கு ஒன்பது இறப்புகளே கணக்கில் வரும். ஒரு வருடம் ஐந்து பேரும் அடுத்த வருடம் பதின்மூன்று பேரும் இறந்தால், நகரின் பிள்ளையார்பாளையத்தில் புற்றுநோய் பரவிவிட்டது என்று பேச்சுக் கிளம்பும். ஆனால் அந்த ஏற்றம் வெறும் தற்செயலாகவே இருக்கக்கூடும். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 55க்கும் 69க்கும் இடையே அடங்கும். அதற்கு வெளியே போனால்தான் காரணம் தேட வேண்டும்.

வயதையும் சரிசெய்தாக வேண்டும். 2011இல் 60 வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு, இந்தியாவில் 8.6 விழுக்காடு. முதியோர் கூடுதலாக உள்ள இடத்தில் இந்நோயால் இறப்பவர்களும் கூடுதலாகவே இருப்பார்கள். 1960இல் ஜப்பானிய ஆய்வாளர் செகி வகுத்து, பிறகு டால் திருத்திய உலகப் பொது மக்கள்தொகை அமைப்பில் இரு பக்கத்து விகிதங்களையும் பொருத்திய பிறகே ஒப்பீடு நியாயமாகும்.

இறந்த இடமும் வாழ்ந்த இடமும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் இறந்தார். காரப்பேட்டையில் உள்ள அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. மத்திய அரசு ஏற்ற மண்டலப் புற்றுநோய் மையங்களில் ஒன்று. வட மாவட்டங்களின் ஏழை நோயாளிகளுக்குச் செலவில்லாமல் கதிர்வீச்சும் மருந்தும் கிடைக்கும் இடம் என்பதால் வெளி மாவட்டத்தாரும் இங்கே வந்து படுக்கிறார்கள்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு நிகழ்ந்த இடத்தில்தான் அதைப் பதிவு செய்ய வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி காரப்பேட்டையில் இறந்தால் பதிவு காஞ்சிபுரத்தில் ஏறும். இம்மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தால் அது சென்னைக் கணக்கில் சேரும். பதிவு அலுவலகத்தின் புத்தகத்தை மட்டும் எண்ணினால் காஞ்சிபுரம் புற்றுநோய் மண்டிய ஊராகத் தெரியும். அப்படிச் சொல்வது அந்த ஊருக்கும் அங்குள்ள தறிக்காரர்களுக்கும் செய்யும் அநியாயம்.

இதைச் சரிசெய்ய வழி படிவத்திலேயே இருக்கிறது. இறப்பு அறிக்கையின் புள்ளியியல் பகுதியில், இறந்தவர் உண்மையில் வசித்த ஊர் எது என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. சாவு நிகழ்ந்த இடத்திலிருந்து அது வேறாக இருக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. அதே தாளில், இறந்தவர் வழக்கமாகப் புகைத்தாரா, எத்தனை ஆண்டுகள், புகையிலை மென்றாரா, பாக்குப் போட்டாரா, மது அருந்தினாரா என்ற கேள்விகளும் வரிசையாக வருகின்றன. துக்க வீட்டிலிருந்து ஓடிவரும் உறவினர் அவசரத்தில் இவற்றை நிரப்பாமல் விடுவது இயல்புதான். ஆனாலும் ஓர் ஊரின் புற்றுநோயை ஆராய இதைவிடப் பயனுள்ள தாள் இல்லை. தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் மாநிலம் முழுவதும் நோயாளியை வசிப்பிடத்தை வைத்தே கணக்கில் சேர்க்கிறது.

மாவட்ட எல்லையும் நிலையாக இல்லை. 1997இல் செங்கல்பட்டு–எம்.ஜி.ஆர். மாவட்டம் இரண்டாகப் பிரிந்து காஞ்சிபுரம் மாவட்டம் உருவானது. 2018இல் ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பகுதிகள் சென்னைக்குப் போயின. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2011இல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் கொண்டிருந்த மாவட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே கோட்டில் வரைந்தால் அந்தச் சரிவு நோயைப் பற்றி எதையும் சொல்லாது.

சாவுக்கு எழுதும் காரணம்

நாட்டில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவர் காரணச் சான்று அளித்திருந்தார். வீட்டில் நிகழும் சாவு பெரும்பாலும் மூப்பு, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றே பதிவாகும். இருமல், எடை குறைதல், சளியில் ரத்தம் எனக் காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அறிகுறிகள் ஒன்றுபோல இருப்பதால், மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்ட பிறகே உண்மை தெரிய வருபவர்கள் பலர். தெரிய வராமலே போகிறவர்களும் உண்டு.

இந்தக் குறையைப் போக்க வாய்மொழி விசாரணை என்ற முறை வந்தது. இறந்தவரின் வீட்டாரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு எழுதிவர, மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணத்தை முடிவு செய்வார்கள். காஞ்சிபுரத்துக்கு மிக நெருங்கிய ஆய்வு ஆய்வாளர்கள் வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் ஏறத்தாழ 80,000 வயதுவந்தோர் சாவுகளை வைத்துச் செய்தது, 2004இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு லான்செட் இதழில் வந்த அவர்களது மற்றோர் ஆய்வு, இப்பகுதி ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று காட்டியது. புகை இரண்டு நோய்களுக்கும் வழி செய்கிறது. ஒன்றின் பெயர் மற்றொன்றை மறைத்தும்விடுகிறது. தேசிய அளவில் இதே முறையில் நடந்த பத்து லட்சம் இறப்பு ஆய்வு, 2010இல் இந்தியாவில் 5,56,400 புற்றுநோய்ச் சாவுகள் நிகழ்ந்ததாகக் கணித்தது. 30 முதல் 69 வயதுவரையுள்ள ஆண்களின் புற்றுநோய்ச் சாவுகளில் நுரையீரலின் பங்கு 11.4 விழுக்காடு. வாய்க்கும் இரைப்பைக்கும் அடுத்த இடம் அது.

போக்கு

1980களில் சென்னை ஆண்களிடம் இரைப்பைப் புற்றுநோயே முன்னணியில் இருந்தது. பின்னர் நுரையீரல் அதை நெருங்கி மேலே வந்தது. நாட்டு அளவில் குளோபோகானின் 2020 மதிப்பீடு 66,279 இறப்பு, 2022 மதிப்பீடு 75,031. இரண்டையும் கழித்து உயர்வு இவ்வளவு என்று எழுதுவது தவறு. பதிப்புக்குப் பதிப்பு தரவும் முறையும் மாறுவதால் அப்படி ஒப்பிட வேண்டாம் என்று அந்த முகமையே எச்சரிக்கிறது.

புகையிலையைப் பார்த்தால் தமிழ்நாட்டின் இடம் தெளிவாகும். 2016–17 புகையிலைக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் இந்தியாவில் 10.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.5. மெல்லும் புகையிலையிலோ இந்தியா 21.4, தமிழ்நாடு அதில் பாதி. வாய்ப் புற்றுநோயில் தமிழ்நாடு நாட்டைவிடக் கீழே நிற்க இது இடம் தருகிறது. நுரையீரலில் அத்தகைய சாதகத்தை எதிர்பார்க்க முடியாது.

தறித்தொழிலை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் துணித் தொழிலைப் புற்றுநோய் விளைவிக்கும் சாத்தியமுள்ள வேலையாக வகைப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கான சான்றுகள் சாயமிடுவோரின் சிறுநீர்ப்பையையும் நெசவாளரின் மூக்குக்குழியையும் பற்றியவை. நுரையீரலுக்கு உறுதியான காரணங்களாக அது ஏற்றவற்றில் 2012இல் டீசல் புகையும் 2013இல் வெளிக்காற்று மாசும் அடங்கும். குழித்தறியைவிட, ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடும் லாரிகள்தான் இந்தப் பட்டியலுக்குப் பொருந்துகின்றன.

புகைப்பழக்கம் மாறியபின் சாவு விகிதம் மாறச் சில பத்தாண்டுகள் ஆகும். அமெரிக்காவில் சிகரெட் நுகர்வு 1960களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு உச்சம் தொட்டது 1990 வாக்கில். காஞ்சிபுரத்தின் இன்றைய விகிதத்தில் தெரிவது 1990களில் அங்கே பீடி பற்றவைத்தவர்களின் கணக்கு.