வர்ணத்தின் அடியில் நடப்பது என்ன?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கண்டமங்கலம். அங்கே ஒரே பட்டறையில், ஒரே இரும்பில், இரண்டு டிரெய்லர்கள் செய்யப்பட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளூரிலேயே கரும்பு ஏற்றுகிறது. மற்றொன்று கடற்கரைக்குப் போய்ப் படகை ஏற்றி இறக்குகிறது. இரண்டிற்கும் ஒரே நீல வர்ணம்தான். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கரும்பு வண்டியின் வர்ணம் வெளுத்திருக்கும். கையால் தடவினால் மாவுபோல ஒட்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் வர்ணத்தைப் பிணைத்திருக்கும் பிசினைச் சிதைப்பதால் வருவது இது. பெரிய கேடில்லை. படகு வண்டியிலோ வர்ணம் கொப்புளங்களாக எழும்பி, அடியில் இரும்பு ஏடு ஏடாக உரிந்துகொண்டிருக்கும். துருவின் மேலேயே புது வர்ணம் அடித்தால் கொஞ்ச நாளைக்குப் பளபளக்கும். பிறகு பழைய கதைதான்.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாறு கப்பல்களில் தொடங்குகிறது.

மரக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கடற்புழு துளைக்காமலிருக்கச் செப்புத் தகடு அடிப்பது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். கடல்நீர் அந்தத் தகட்டை அரித்தது. சுரங்க விளக்கால் புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவியிடம் இந்தச் சிக்கல் வந்தது. 1824-ல் அவர் ஒரு வழி கூறினார்: செப்போடு சிறிய துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிடுங்கள், செப்புக்குப் பதிலாக அது கரையும். அப்படியே நடந்தது; செம்பு அரிபடவில்லை. ஆனால் செம்பு கரைந்து கடல்நீரில் கலந்தால்தான் அதன் நஞ்சு சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாது. கரைவது நின்றதும் அவை கப்பலின் அடியில் அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. ஆராய்ச்சி வெற்றி, கப்பலுக்குத் தோல்வி!

டேவியின் கொள்கை வீண்போகவில்லை. 1837-ல் பிரான்சு நாட்டின் ஸ்டனிஸ்லாஸ் சோரெல், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்துத் துருவிலிருந்து காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு வாளியும் கூரைத் தகடும் அதன் வாரிசுகளே.

ஆயினும் துரு என்பது மின்சார நிகழ்ச்சி என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. 1903-ல் அமெரிக்காவின் வில்லிஸ் விட்னி இக்கருத்தை விளக்கினார். பின்னர் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் மிக எளிய சோதனையால் அதைக் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீர் விடுங்கள். சொட்டின் விளிம்புக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. நடுப்பகுதிக்குக் கிடைப்பது குறைவு. ஆகவே நடுவில் இரும்பு கரைகிறது. அங்கே விடுபடும் எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே விளிம்புக்கு ஓடி ஆக்சிஜனோடு சேர்கின்றன. இரண்டிற்கும் இடையே துரு வளையமாகப் படிகிறது. ஒரு சொட்டுக்குள் ஒரு மின்கலம்! உப்பு அந்த மின்னோட்டத்திற்கு நல்ல பாதை போடுகிறது. காற்றின் ஈரத்தையும் இழுத்து வைக்கிறது.

இப்போது படகு வண்டியை மறுபடி பாருங்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கிறது. அதன்மேல் வர்ணம் அடித்தால் மின்கலத்தை மூடிவைக்கிறோம், அவ்வளவுதான். எந்த வர்ணமும் ஈரத்தையும் காற்றையும் முழுவதும் தடுப்பதில்லை. உள்ளே வேலை தொடர்கிறது.

பழைய பொறியாளர்கள் இதற்கு நம்பியிருந்தது செவ்வீயத்தை. ஈய ஆக்சைடான இந்தச் சிவப்புப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுவார்கள். எண்ணெயோடு சேர்ந்து உண்டாகும் ஈயச் சோப்புகள் துருவை மட்டுப்படுத்தும். 1890-ல் ஸ்காட்லாந்தில் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலம் இதைப் பூசிக்கொண்டே வாழ்ந்தது. ஒரு முனையில் முடிப்பதற்குள் மறுமுனையில் தொடங்க வேண்டும் என்பது அந்தப் பாலத்தைப் பற்றிய வழக்கு; சற்று மிகைதான். 2011-ல் முடிந்த பெரும் பணியில் பழைய பூச்சுகளை வெறும் எஃகு தெரியும்வரை அகற்றிவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்சி பூசினார்கள். ஈயம் உடலுக்கு நஞ்சு. இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. பழைய வர்ணத்தை உலர்வாகச் சுரண்டித் தூசியைச் சுவாசிக்கவேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நம் நாட்டிலேயே ஃபோர்த் பாலத்திற்கு ஒரு தம்பி உண்டு: பாம்பன் பாலம். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயல் அதன் தூலங்களை வாரிக்கொண்டு போயிற்று; சில மாதங்களுக்குள் பாலத்தைச் சீர்செய்துவிட்டார்கள். புயலால் முடியாததை உப்புக் காற்று செய்தது. ஓயாமல் வர்ணம் பூசியும் அரிமானம் முற்றி, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாம்பனை ஒட்டிய மண்டபத்தில் அரிமானச் சோதனைக் கூடம் வைத்திருப்பது தற்செயலன்று. உலோகத்தைச் சோதிக்க அதைவிடக் கடுமையான காற்றைத் தேடி எங்கே போவது?

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், எஃகின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு, முழுதும் பற்றவைத்த மூட்டுகள். மூட்டைக் கவனியுங்கள். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில் ஈரம் தங்கும், ஆக்சிஜன் குறையும். எவன்ஸின் சொட்டின் நடுப்பகுதியேதான் அது.

படகு வண்டியிலும் துரு முதலில் பிடிப்பது அச்சு பொருந்தும் இடுக்கிலும் சட்டத்தின் அடியிலும்தான். எனவே முதல் வேலை வர்ணமன்று, நல்ல தண்ணீர். உப்புப் போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு கம்பித் தூரிகை, உப்புத்தாள். (உப்புத்தாளில் உப்பில்லை, அஞ்சவேண்டாம்!) இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் துத்தநாகப் பொடி கலந்த அடிப்பூச்சு. துத்தநாகம் டேவி சொன்னபடி தன்னைத் தியாகம் செய்ய, இரும்பை நேரே தொட்டாக வேண்டும். இடையில் துரு இருந்தால் மின்சாரம் ஓடாது. அதன்மேல் எப்பாக்சி, அதற்கும் மேலே வெயில் தாங்கும் மேற்பூச்சு. எப்பாக்சி வெயிலில் விரைவில் மாவாகிவிடும். குழாய்ச் சட்டத்தின் உட்புறத்திற்கு எந்தத் தூரிகையும் எட்டாது. அடியில் ஒரு துளை போட்டு நீர் வடியவிடுவதுதான் அங்கே செய்யக்கூடியது.