சேனக பிபிலே விட்டுச்சென்ற மருந்துச்சீட்டு

நோயைக் குணமாக்குவது மருந்தா, அதன் வியாபாரப் பெயரா? இலங்கையில் இக்கேள்வியை அரசாங்கக் கொள்கையாக மாற்றியவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே.

ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் விற்கப்பட்ட காலம் அது. 1971இல் டாக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் சமர்ப்பித்த அறிக்கையை அடுத்து, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. தனியார் துறைக்கு இறக்குமதியான சுமார் 2,100 மருந்து வகைகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மருந்துகள் வாங்கப்பட்டன. விலைகள் வீழ்ந்தன, பல்தேசியக் கம்பனிகள் சினந்தன.

மலிவான மருந்து தரமானதா என்று எதிர்த்தோர் கேட்டனர். நியாயமான கேள்விதான். பெயர் ஒன்றாயிருந்தால் போதாது. மூலப்பொருளின் அளவும், அது இரத்தத்தில் கலக்கும் விதமும் ஒத்திருக்க வேண்டும். அதற்கான விடை ஆய்வுகூடத்தில் இருக்கிறது, விளம்பரத்தில் அல்ல.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. கூட்டுத்தாபனத்தின் ஏகபோகம் பறிபோனது. அதே ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. செப்டெம்பர் 29இல் கயானாவில் பிபிலே காலமானார்.

தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. 2023இல் தரமற்ற மருந்துகள் பற்றிய சர்ச்சை நாட்டையே உலுக்கியது. சட்டம் இருந்தும் பரிசோதனை தவறினால், விலை கொடுப்பவன் நோயாளியே.