கொரியரின் மரக்கறி அடை

கொரிய நாட்டிலே மழைக்காலம் ஆனி நடுப்பகுதியில் தொடங்கி ஆடி முற்பகுதிவரை நீடிக்கும். அந்நாள்களில் சியோல் நகரத்துச் சிறு கடைகளிலும் வீட்டு அடுக்களைகளிலும் ஒரே பலகாரத்தின் மணமே மேலோங்கி நிற்கும். மாவைக் கரைத்து, வெங்காயத்தாளும் பிற மரக்கறிகளும் அரிந்து கலந்து, எண்ணெய் பரவிய இரும்புத் தட்டிலே மெல்லிதாக ஊற்றி, ஓரம் முறுகச் சுட்டெடுக்கும் அடையே அது. மழை பெய்தால் அவர்களுக்கு ஏன் இவ்வடை நினைவுக்கு வருகின்றது என்று வினவினால், எண்ணெயில் மா விழும் ஓசையும் கூரையில் மழை விழும் ஓசையும் ஒன்றுபோல் இருப்பதாலென்று விடை கூறுவர். கேட்பதற்கு இனிய விடைதான். எனினும், வயல்வேலை நின்றுபோன நாளில், வெளியே சென்று எதையும் வாங்காமல், வீட்டிலிருக்கும் மாவையும் தோட்டத்து வெங்காயத்தாளையும் கொண்டே ஆக்கத்தக்க உணவு இது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வடைக்குப் பெயர்கள் பல. எண்ணெயிற் சுடுதல் என்னும் பொருள்தரும் வினைச்சொல்லிலிருந்து பிறந்த ‘புச்சிம்கே’ என்பது வீட்டு வழக்கு. ‘ஜொன்’ என்பது சீன எழுத்துவழி வந்த பெயர். வெங்காயத்தாளுக்குக் கொரிய மொழியிற் ‘பா’ என்று பெயர். ஆதலின் வெங்காயத்தாள் அடை ‘பாஜொன்’ ஆயிற்று. தெற்கு மாகாணங்களில் ‘ஜிஜிம்’ என்று வழங்கிய சொல்லே, யப்பானுக்குக் குடிபெயர்ந்த கொரியரோடு கடல்கடந்து, அங்கே ‘சிஜிமி’ எனத் திரிந்து இன்றும் நிலவுகின்றது. மீனையோ இறைச்சியையோ இளம் பூசணியையோ வில்லையாக அரிந்து, ஒவ்வொன்றாக மாவிலும் முட்டையிலும் தோய்த்துச் சுடுவதை ஜொன் என்றும், எல்லாவற்றையும் மாவோடு கலந்து அகலமாக ஊற்றுவதைப் புச்சிம்கே என்றும் பிரித்துரைப்பாரும் உளர். அடுக்களையில் நிற்பவர்கள் அவ்வேறுபாட்டை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இன்று இவ்வடை கோதுமை மாவாலேயே பெரிதும் ஆக்கப்படுகின்றது. கோதுமை மாவும் எண்ணெயும் இன்றேல் அடையே இல்லை என்று எண்ணும் அளவுக்கு அவ்விரண்டும் மலிந்துவிட்டன. ஆயின், கொரியரின் வரலாற்றிலே நெடுங்காலம் இவ்விரண்டும் அரும்பொருள்களாகவே இருந்தன. 1123ஆம் ஆண்டிலே சீனத்துச் சொங் அரசரின் தூதுக்குழுவோடு கொரியத் தலைநகருக்கு வந்த சூ சிங் என்பார், தாம் கண்டவற்றையெல்லாம் நூலாக எழுதிவைத்தார். அந்நாட்டிற் கோதுமை விளைச்சல் மிகக் குறைவென்றும், வணிகர் அதனைச் சீனத்திலிருந்தே கொணர்கின்றனரென்றும், அதனால் மாவின் விலை ஏறியிருப்பதால் பெருஞ்சடங்குகளுக்கன்றி எவரும் அதனைப் பயன்படுத்துவதில்லையென்றும் அவர் குறித்துள்ளார். பின்வந்த ஜொசொன் அரசர் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. கோதுமை மாவுக்கு ‘மெய்யான மா’ என்னும் பொருள்படும் பெயரொன்று அக்காலத்தில் வழங்கியதிலிருந்தே அதற்கிருந்த மதிப்பை உணரலாம்.

எண்ணெயின் கதையும் இதுவே. எள்ளிலிருந்தும், எள்ளையொத்த விதை தரும் பெரில்லா என்னும் செடியிலிருந்தும் சிறிது சிறிதாகப் பிழிந்தெடுக்கப்பட்ட எண்ணெயை வீட்டுப் பெண்கள் துளியும் சிந்தாமற் பேணினர். ஆதலினாற் பொரித்த உணவு திருநாளுக்கும் விருந்துக்கும் உரியதாயிற்று. அரண்மனை விருந்துகளின் பதிவேடுகளில் ஜொன் வகைகள் தனிப்பெயர் பெற்று நிற்கின்றன. ஊர்ப்புறத்திலோ திருமணமோ திருநாளோ வந்தால், சோறாக்கும் பெரிய இரும்புப் பானையின் மூடியைக் கவிழ்த்துக் கற்களின்மேல் வைத்து, அதன் அடியில் தீமூட்டுவர். அம்மூடியே அவர்களுக்குத் தோசைக்கல். நடுவிற் குழிந்த அம்மூடியிலே சிறிதளவு எண்ணெயும் ஓரிடத்தில் தேங்கி நின்று உதவும்.

அக்காலத்து அடை எவ்வாறிருந்தது என்பதை அறிய நமக்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1670ஆம் ஆண்டளவில், கியொங்சாங் மாகாணத்தைச் சேர்ந்த ஜாங் கியே-ஹ்யாங் என்னும் மூதாட்டியார், கொரியரின் சொந்த எழுத்திலே ‘உம்சிக் திமிபாங்’ என்னும் சமையல் நூலை எழுதினார். கற்றோர் யாவரும் சீன எழுத்தையே போற்றிய காலம் அது. எழுபது வயதைக் கடந்து, கண்ணொளி மங்கிய நிலையில் எழுதியதென்று அவரே குறிப்பிடுகின்றார். பெண்மக்கள் வேண்டுமாயிற் படியெடுத்துச் செல்லலாம், மூல ஏட்டைக் கொண்டுசெல்ல எண்ணலாகாது என்றும் கட்டளையிட்டுள்ளார். அவர் சொற்கேட்டு நடந்தனர்போலும். நூல் சிதையாமல் நமக்குக் கிடைத்துள்ளது. அதில் நூற்று நாற்பத்தாறு செய்முறைகள் உள்ளன.

அவற்றுள் ஒன்று பயற்றடை. பாசிப்பயற்றைத் தோல்நீக்கிக் கெட்டியாக அரைத்து, சூடான எண்ணெயிற் சிறிது ஊற்றி, அதன்மேல் தோல்நீக்கிய சிவப்புப் பயற்றைத் தேனிற் பிசைந்து வைத்து, மறுபடியும் பயற்றுமாவால் மூடி, எலுமிச்சையினத்துப் பழமொன்றின் நிறம் வருமளவும் சுடும்படி அவர் கூறுகின்றார். நேயர்கள் கவனிக்கவேண்டியது இங்கேதான்: கோதுமை இல்லை, மரக்கறி இல்லை, உப்புறைப்பும் இல்லை. அது ஓர் இனிப்புப் பலகாரம். 1809ஆம் ஆண்டிலே பிங்ஹொகாக் யீ என்னும் மற்றொரு கற்றறிந்த பெருமாட்டி எழுதிய நூலிலும் இப்பயற்றடை தேனும் பருப்பும் சேர்ந்த இனிப்பாகவே வருகின்றது. இன்று ‘பின்டேத்தொக்’ என்னும் பெயரில், முளைப்பயறும் ஊறுகாய்க் கோவாவும் பன்றியிறைச்சியும் கலந்து, கொழுப்பிற் சுட்டு விற்கப்படும் அடையின் முன்னோர் இவ்வினிப்பே என்பதை எளிதில் நம்பமுடியாது.

இனிப்பு எக்காலத்தில் உவர்ப்பாயிற்று என்று ஆண்டு குறித்துச் சொல்வதற்கில்லை. தேன் வாங்க இயலாதார் அதை விட்டு, கையிற் கிடைத்த கீரையையும் தண்டையும் கலந்திருப்பர் என்று கொள்வதே பொருந்தும். பெயரைப்பற்றியும் கதைகள் உண்டு. ‘பிஞ்ஜா’ என்பது வறியவரைக் குறிக்கும் சீனவழிச் சொல்லென்றும், பஞ்ச காலத்திற் சியோல் நகரத்துச் செல்வர் தென்வாயிலுக்கு வெளியே கூடிய ஏழைகளுக்கு இவ்வடையை வண்டியில் ஏற்றி வழங்கினரென்றும், அதனால் ‘வறியவர் அடை’ என்னும் பெயர் வந்ததென்றும் கூறுவர். 1677ஆம் ஆண்டு வெளிவந்த சீனமொழிப் பயிற்சி நூலொன்றிற் சீனத்துப் பலகாரத்தின் பெயராகவே இதனையொத்த சொல் காணப்படுகின்றது. ஆதலின் ‘வறியவர்’ என்னும் விளக்கம் பின்னர்ப் புனைந்ததாகலாம். ஆயினும் அக்கதை பொய்யென்று தள்ளத்தக்கதன்று. அடை யாருடைய உணவாக மாறிற்று என்பதை அது சரியாகவே சொல்லுகின்றது. 1940களில் பாடகர் ஹான் பொக்-நாம் பாடிப் புகழ்பெற்ற ஒரு வேடிக்கைப் பாட்டிலும், பணமின்றி விருந்து மாளிகையிற் புகுந்து உதைபட்ட கனவான் ஒருவரை, வீட்டுக்குப் போய்ப் பயற்றடை சுட்டுத் தின்னும்படி ஏளனம் செய்கின்றனர். 1905இல் தோன்றிய குவாங்ஜாங் சந்தையிலே இன்றும் திரிகைக் கற்கள் சுழன்று பயறரைப்பதைக் காணலாம்.

வெங்காயத்தாள் அடைக்குப் பேர்போன இடம் பூசான் நகரைச் சேர்ந்த டொங்னே. 1592ஆம் ஆண்டு யப்பானியப் படைகள் கரையிறங்கியபோது முதலில் வீழ்ந்த கோட்டைகளுள் ஒன்று அது. படைக்கலம் இல்லாத ஊர்மக்கள் கூரையோடுகளைப் பெயர்த்து எறிந்து போரிட்டனர் என்பது அப்போரின் நினைவாகச் சொல்லப்படுவது. டொங்னே அடையிலே வெங்காயத்தாளை நறுக்காமல் முழுநீளமாகவே அடுக்கி, அரிசிமாவும் பசையரிசிமாவும் கலந்த கரைசலை மேலே ஊற்றி, கடலுணவும் முட்டையும் சேர்த்து மூடிவைத்துச் சுடுவர். ஆதலின் அது மொறுமொறுப்பாக இராது, மெத்தென்று இருக்கும். முறுகல் அடையை விரும்புவோர் அங்கே ஏமாற்றமடைவதுண்டு. ஆனால் கோதுமைக்கு முந்திய அடையின் தன்மையை அறிய விரும்புவோர்க்கு அதுவே ஏற்றது. இதைப்போன்றே காங்வொன் மலைநாட்டார் மரக்கோதுமையாலும், 1824ஆம் ஆண்டளவில் வடக்கிலிருந்து வந்த உருளைக்கிழங்காலும் அடை சுட்டனர். நெல் விளையாத மண்ணில் எது விளைந்ததோ அதுவே அடையாயிற்று. இன்று கொரிய உணவின் அடையாளமாகக் கருதப்படும் செத்தல் மிளகாயும் அயல்நாட்டுப் பொருளே. 1614இல் எழுதப்பட்ட ஒரு நூல் அதனை யப்பானியக் கடுகு என்று சுட்டுகின்றது. ஜாங் அம்மையாரின் நூலிலோ மிளகாயே இடம்பெறவில்லை.

கோதுமை மா கொரியாவை வெள்ளம்போல் நிறைத்தது போரின் பின்னரே. 1950 முதல் 1953வரை நடந்த போரினால் வயல்கள் பாழாயின. மக்கள் இடம்பெயர்ந்து தெற்கிற் குவிந்தனர். 1954ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா தன் மிகைத்தானியத்தைப் பிறநாடுகளுக்கு வழங்குதற்குப் பொதுச்சட்டம் 480 என்பதை இயற்றியது. தென்கொரியா 1955இல் அதன்கீழ் உடன்படிக்கை செய்துகொண்டது. இலங்கைக்கும் அச்சட்டத்தின்கீழ் மா வந்தது. யாழ்ப்பாணத்திற் கோதுமை மாவை ‘அமெரிக்கன் மா’ என்று முதியோர் வழங்கியது நேயர்கள் அறிந்ததே. பாணும் றொட்டியும் நம் வீடுகளில் நிலைபெற்றதுபோல, கொரியரின் வீடுகளில் நூடில்ஸும் கோதுமை அடையும் நிலைபெற்றன. அரசரின் விருந்துக்கென்று ஒதுக்கப்பட்ட மா, ஏழையின் அடையில் விழுந்தது. அதற்கு மாறாக, வறியவர்க்குரியதென்று பெயர்பெற்ற பாசிப்பயறு இன்று கோதுமை மாவினும் விலைகூடிய பொருளாய்விட்டது.

மா வந்ததோடு அமையவில்லை. அரசாங்கமும் அதனை உண்ணும்படி வற்புறுத்திற்று. 1960களில் அரிசியோடு பிற தானியங்களைக் கலந்தும் மாவுணவு உண்டும் அரிசியை மிச்சப்படுத்தும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. 1969ஆம் ஆண்டிலிருந்து புதன், சனிக்கிழமைகளில் முற்பகல் 11 மணிமுதல் பிற்பகல் 5 மணிவரை உணவுக்கடைகளில் அரிசியுணவு விற்றலாகாது என்று கட்டளை பிறந்தது. பாடசாலைகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தனர். வெண்சோறு மட்டும் இருந்தால் தண்டனை. அரிசியால் ஆக்கப்படும் ‘மக்கொல்லி’ என்னும் கலங்கல் மதுவையும் கோதுமை மாவாலேயே வடிக்க நேர்ந்தது. 1977இலேதான் அரிசி மக்கொல்லிக்கு மீண்டும் இசைவு கிடைத்தது. மழைநாளில் அடையும் மக்கொல்லியும் இணைந்தவை என்று இன்று போற்றப்படும் மரபிலே, ஒரு தலைமுறைக்காலம் இரண்டுமே உதவி மாவால் ஆனவையாய் இருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1970களில் ஆலையிற் பிழிந்த சோயா எண்ணெய் போத்தல்களில் மலிவாகக் கிடைத்தபின்னரே, அடையை எண்ணெய் தாராளமாக விட்டு மொறுமொறுப்பாகச் சுடுவது எல்லா வீட்டுக்கும் எட்டியது.

அம்மொறுமொறுப்பை வீட்டிற் பெறுவது கடினமன்று. 2004ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கொரியாவுக்குத் தொழில்தேடிச் சென்றுவருவோர் பலர் நம்மிடையே உள்ளமையால், செய்முறையைச் சிறிது விளக்கிச் சொல்லலாம். ஒரு பேணி கோதுமை மாவுக்கு இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவோ சோளமாவோ சேர்த்து, உப்பிட்டு, ஏறக்குறைய ஒரு பேணி குளிர்ந்த நீரிற் கரைக்கவேண்டும். கோதுமை மாவை நீரிற் பலமுறை அடித்தால் அதிலுள்ள பசை இழுபட்டு அடை தோல்போலாகும். குளிர்நீர் அப்பசையைத் தளர்த்தி வைக்கும். கலந்த கிழங்குமா அதன் அளவைக் குறைக்கும். ஆதலின் சிறு கட்டிகள் இருந்தாலும் குற்றமில்லை. வெங்காயத்தாள், கரட், இளம் பூசணி, கறிமிளகாய் ஆகியவற்றை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, மரக்கறி மிகுந்தும் மா குறைந்தும் இருக்கும்படி, சுடுகின்ற வேளையிலேயே கலக்கவேண்டும். முன்னரே கலந்துவைத்தால் உப்பு மரக்கறியின் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும். தாச்சி நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய் விட்டு, மெல்லிதாகப் பரப்பி, ஓரம் பொன்னிறமாகுமளவும் தொடாதிருத்தல் வேண்டும். திருப்பியபின் ஓரத்தைச் சுற்றி மறுபடியும் சிறிது எண்ணெய் விட்டு அழுத்துக. சுட்ட அடைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் ஆவியால் நனைந்து துவளும். கொரியப் பெண்கள் அவற்றை மூங்கிற் தட்டிலே பரப்பிவைப்பர், நம்மிடமுள்ள சுளகும் அதற்குப் போதும். சோயாச்சாறும் வினாகிரியும் சேர்த்த தொடுகறியோடு சூட்டோடு உண்ணவேண்டும்.

இவ்வடை ஒன்று இரண்டாகச் சுடுவோர்க்கு இன்பம். நூற்றுக்கணக்கிற் சுடுவோர்க்கு அவ்வாறன்று. முன்னோர்க்குப் படைக்கும் சடங்குகளிலும், ‘சுசொக்’ என்னும் அறுவடைத் திருநாளிலும், புத்தாண்டிலும் ஜொன் படைப்பது வழக்கமாகி, அவ்வேலை முழுவதும் வீட்டு மருமகள்மாரின் தலையில் விழுந்தது. முதல்நாட் காலைமுதல் நிலத்தில் அமர்ந்து, எண்ணெய்ப் புகையிலே மாலைவரை சுட்டுக்கொண்டிருந்த பெண்களின் முறைப்பாடு, திருநாள் வரும்போதெல்லாம் செய்தித்தாள்களிற் பேசப்படும் பொருளாயிற்று. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், கொன்பூசிய நெறியின் தலைமை நிலையமாகிய சுங்கியுன்குவான், திருநாட் படையலுக்கு ஜொன் தேவையில்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு ஆதாரமாக அது காட்டியது, 1548 முதல் 1631வரை வாழ்ந்து சடங்குமுறைகளை ஆராய்ந்த கிம் ஜாங்-செங் என்னும் அறிஞரின் எழுத்தையே. எண்ணெயிற் பொரித்தவற்றைப் படைப்பது முறையன்று என அவர் எழுதிவைத்திருந்தார். பல நூற்றாண்டுகளாக ஏட்டிற் கிடந்த அவ்வாக்கியத்தை அதற்குமுன் எந்த மாமியாரும் மருமகளுக்குப் படித்துக்காட்டியதாகத் தெரியவில்லை. திருநாள் அப்பமும் கீரையும் சுட்ட இறைச்சியும் கிம்ச்சியும் பழமும் மதுவுமாக ஆறு வகையே படையலுக்குப் போதுமென்றும், கூட்டினாலும் ஒன்பதைத் தாண்டவேண்டியதில்லையென்றும் அவ்வறிவிப்புக் கூறிற்று.