சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன்: ஒரு வரலாற்று நோக்கு

சிலப்பதிகாரப் பாத்திரங்கள் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை கண்ணகி, கோவலன், மாதவி ஆகியோரைச் சுற்றியே எழுந்துள்ளன. பெயரற்ற பொற்கொல்லனோ ‘வஞ்சகன்’ என்ற ஒரு சொல்லுடன் கைவிடப்படுகின்றான். காப்பியத்தின் சமூகச் சார்பினை விளங்கிக்கொள்வதற்கு அவனே முக்கியமானவன்.

கொலைக்களக் காதையை நோக்குவோம். தேவியின் ஊடலைத் தணிக்க விரையும் பாண்டியன், விசாரணை எதுவுமின்றி, சிலம்பு கோவலன் கையிலிருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு பணிக்கின்றான். அரச நீதியின் இயல்பு இவ்விடத்தில் அப்பட்டமாகின்றது. ஆயின் ஆசிரியர் அங்குத் தரித்து நிற்கவில்லை. மன்னனின் தவறு ஊழின் செயலாகின்றது. காவலர் தயங்குகின்றனர், பொற்கொல்லன் களவு நூலைச் சொல்லித் தூண்டுகின்றான், இறுதியில் வாளெறிபவனோ கல்வியற்ற ஒரு குடிவெறியன். குற்றம் படிப்படியாகக் கீழிறங்குகின்றது!

பாண்டியன் உயிர்நீத்ததனால் அவன் செங்கோல் மீண்டும் நேரானதெனச் செங்குட்டுவன் வாயிலாகக் கூறப்படுகின்றது. கொல்லருக்கு அத்தகைய மீட்சி இல்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் 1000 பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கிறது நீர்ப்படைக் காதை. அதன்பின் பாண்டிநாட்டில் மழை பெய்ததென்கிறது உரைபெறு கட்டுரை. இது உண்மையில் நிகழ்ந்ததா என்பது வேறு வினா. ஒருவனது களவுக்கு ஒரு தொழிற்குழுவே உயிரால் விலை கொடுப்பதை எவ்விதச் சஞ்சலமுமின்றிப் பதிவுசெய்ய முடிந்த சமுதாயம் எத்தகையது என்பதே நமது வினா. கோவலனுக்காக மதுரை எரிந்தது. அவ்வாயிரவருக்காக அரசவாயிலில் நின்று நீதி கேட்கும் மனைவி எவளும் காப்பியத்தில் இல்லை.